காக்கப்பட்ட முகப்பும் கைவிடப்பட்ட குடியும்

பழமையைப் பேணுதல் நற்பணி என்பதை எவரும் மறுக்கார். ஆயின், பேணப்படுவது எது, யாருக்காக என்று வினவாமல் அப்பணியைப் போற்றுதல் விமர்சனமாகாது. மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜோர்ஜ் டவுனின் பழைய வணிக வீதிகளுக்கென வகுக்கப்பட்ட கட்டட விதிகளை இவ்வினாவோடு அணுகுதல் வேண்டும்.

மலாக்காவுடன் இந்நகரையும் யுனெஸ்கோ 2008 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஏறத்தாழ 259 ஹெக்டேர் நிலத்தை அடக்கிய இவ்வலயத்துக்கான சிறப்புப் பகுதித் திட்டம் 2016 இல் வர்த்தமானியில் வெளியாயிற்று. கடைவீடுகளின் முகப்பு, ஓட்டுக் கூரை, காற்றும் ஒளியும் தரும் நடுமுற்றம், ஐந்தடி நடைபாதை ஆகியவை காக்கப்படுகின்றன. புதுக் கட்டடங்களுக்கு 18 மீற்றர் உயர வரம்பு உண்டு. பழஞ்சுவருக்குச் சீமெந்தன்றிச் சுண்ணச் சாந்தே ஏற்றது என்பதும் வெறும் அழகுணர்ச்சியன்று. சீமெந்து ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும். உப்புப் பூத்துச் செங்கல் உதிரும். இவ்வளவில் விதிகள் அறிவியல் வழிப்பட்டவையே.

ஆனால் கடைவீடு என்பது கல்லும் சுண்ணமும் மட்டுமா? கீழே தொழில், மேலே குடும்பம் என்னும் வாழ்க்கை முறையின் வடிவமே அது. தமிழ் முஸ்லிம் வணிகரின் நினைவைச் சூலியா வீதி தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. பிரம்பு பின்னுவோரும் ஊதுவத்தி உருட்டுவோரும் பெயர்ப்பலகை செதுக்குவோரும் இவ்வீதிகளிற் பிழைத்தமைக்குக் குறைந்த வாடகை முதன்மையான காரணமாகும். அதனை உறுதிசெய்த 1966 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நீங்கியது. வாடகை பன்மடங்காயிற்று, குடியிருந்தோர் பலர் வெளியேறினர். பின்னர் வந்த மரபுரிமைப் பட்டம் கட்டடங்களின் விலையை மேலும் உயர்த்தியது. தொழிலாளி துயின்ற மாடி உல்லாசப் பயணியின் அறையாகியது.

இங்கேதான் முரண்பாடு வெளிப்படுகிறது. பல்லினப் பண்பாட்டின் உயிருள்ள சான்று என்பதும் யுனெஸ்கோ இந்நகரைத் தேர்ந்தமைக்குரிய காரணங்களுள் ஒன்று. விதிகளோ சன்னற் கதவின் வடிவத்தைச் சொல்லுமளவு நுணுக்கமாக, அச்சன்னலைத் திறப்பவன் யார் என்பதைச் சொல்வதில்லை.

பழைய சட்டத்தை அப்படியே மீட்டால் போதும் என்பாரும் உளர். அதுவும் முழு உண்மையன்று. அற்ப வாடகை பெற்ற உரிமையாளர் பலர் பழுதுபார்க்க முன்வரவில்லை; கூரைகள் ஒழுகின, உத்திரங்கள் உளுத்தன. ஆகவே சுவரையும் குடியையும் ஒருங்கே காக்கும் வழி வேண்டும். திருத்த வேலைக்குப் பொதுப் பணம் பெறும் உரிமையாளர், இருக்கும் குடியை நியாய வாடகையில் நீண்டகாலம் வைத்திருக்கக் கட்டுப்பட வேண்டும்.

முகப்பை மாற்றுவோனைத் தடுக்கும் சட்டம், மனிதனை வெளியேற்றுவோனைக் கண்டும் காணாதிருக்குமாயின், அது மரபைக் காக்கும் சட்டமன்று. சொத்தின் மதிப்பைக் காக்கும் சட்டமே.