கூரையிழந்த குருமடம்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மாநகருக்கு வடமேற்கே, கார்ட்ராஸ் என்னும் சிற்றூரை அடுத்த காட்டினுள், கூரையிழந்து நிற்கிறது புனித பேதுரு கல்லூரி. பெயரளவில் கல்லூரியாயினும் அது ஒரு குருமடம். 1966இல் திறக்கப்பெற்று 1980இல் மூடப்பட்டது. குருமடமாக வாழ்ந்தது பதினான்கே ஆண்டுகள்! அதனை எவ்வாறு காப்பது, யாருடைய பணத்தில் காப்பது என்ற வழக்கோ அதனினும் நெடிது. கட்டடக் கலைஞர்கள் அதனைப் போற்றி எழுதியவை ஏராளம். குருமடத்தில் வாழ்ந்தோரின் கண்கொண்டு நாமும் அதனைச் சற்றே நோக்குவோம்.

அதனை வடிவமைத்தவர்கள் ஈசி மெட்ஸ்டைன், ஆண்டி மக்மில்லன் என்னும் இருவர். மெட்ஸ்டைன் பெர்லினில் பிறந்த யூதர். நாசிக் கொடுமைக்குத் தப்பி 1939இல் சிறுவனாக ஸ்காட்லாந்தில் அடைக்கலம் புகுந்தவர். கத்தோலிக்கக் குருக்கள் உருவாகும் இல்லத்தை ஒரு யூத அகதியின் கை வரைந்தது என்பதை எண்ணும்தோறும் நம் உள்ளம் நெகிழ்கிறது. நீண்டதோர் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சிற்றாலயமும் உணவறையும் அமைந்தன. அவற்றின் மேலே மாணவர் அறைகள் அடுக்கடுக்காக எழுந்தன. ஒவ்வோர் அடுக்கும் தன் கீழுள்ளதைவிடச் சற்றே உள்நோக்கி நீண்டது. அறைக் கதவைத் திறந்து வெளிவரும் மாணவன் கீழே காண்பது பலிபீடத்தை அல்லது பந்தியை. நம் குருமடங்களில் ஆலயம் ஒரு மூலை, உணவறை ஒரு மூலை, படுக்கை வேறொரு மூலை. இவற்றினிடையே மாணவனை ஓட்டுவது மணியோசை. அங்கே மணியின் பணியைச் சுவரே செய்தது. செபமும் உணவும் உறக்கமும் ஒரே வாழ்வின் கூறுகள் என்பதை இதனினும் தெளிவாகச் சொன்ன கட்டடம் பிறிதொன்றை நாம் அறியோம்.

ஆனால் கூரை ஒழுகியது. மேற்கு ஸ்காட்லாந்தின் மழைக்குத் தட்டைக் கூரை தாக்குப்பிடிக்கவில்லை. (மழைக்கால ஒழுகலை அறியாத பங்குத்தந்தை நம்மிடையே உண்டோ?) பரிசுகள் வந்தன, பரிசு ஒழுகலை அடைக்குமா? இதனினும் பெரிய குறை வேறொன்று. ஏறத்தாழ நூறு மாணவர்க்கெனக் கட்டிய அவ்வில்லம் ஒருநாளும் நிரம்பவில்லை. 1961இல் பணி தொடங்கிய மறு ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. குருத்துவப் பயிற்சி பற்றிய அதன் விதித்தொகுப்பு 1965 அக்டோபரில் வெளியாயிற்று. குருமாணவர் ஊருக்கு அப்பாலன்றி மக்களிடையே உருவாக வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. தேவ அழைத்தலும் குறைந்தது. ஆக, எந்த வாழ்க்கைமுறைக்கு அவ்விருவரும் அத்துணை நேர்த்தியான உடை தைத்தார்களோ, அந்த வாழ்க்கைமுறை உடை தயாராகும் முன்பே விடைபெறத் தொடங்கிவிட்டது. இதற்குத் தச்சரையும் கொத்தரையும் பழிப்பது நேர்மையாகாது.

பணத்தின் கதைக்கு வருவோம். 1983 முதல் சில ஆண்டுகள் போதைக்கு அடிமையானோரின் மறுவாழ்வு இல்லமாக அது பயன்பட்டது. அதன் பின் வெறுமை, திருட்டு, தீ. 1992இல் அரசு அதனை மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் இடிக்கவிடாது தடுத்தது. பழுதுபார்க்கும் பொருளை உடன் கொணரவில்லை. உயர்மறைமாவட்டம் இடிக்கவும் இயலாது, விற்கவும் இயலாது, பேணவும் இயலாது தவித்தது. 2016இல் ஒரு கலை நிறுவனம் இடிபாடுகளுக்கிடையே ஒளியும் ஒலியும் கலந்த காட்சி நடத்தி மக்களை ஈர்த்தது. 42 இலட்சம் பவுண்டு நிதியும் அதற்கு உறுதியாயிற்று. 2018இல் அந்நிறுவனமே மூடப்பட்டது. திட்டமும் அதனோடு முடிந்தது. பராமரிப்பை ஏற்க ஸ்காட்லாந்து அரசு 2019இல் மறுத்துவிட்டது. 2020இல் விலையேதுமின்றி ஒரு கல்வி அறக்கட்டளையின் கையில் அது ஒப்படைக்கப்பட்டது.

இவற்றினிடையே இடிபாட்டையே அழகெனக் கொண்டாடும் ஒரு கூட்டமும் உருவானது. எல்லாம் உதிர்ந்து கான்கிரீட் மட்டும் எஞ்சும் தோற்றத்தில் மெட்ஸ்டைனுக்கே ஓர் ஈர்ப்பு இருந்தது. படைத்தவரின் சொல்லை மதிக்கிறோம், ஏற்க இயலவில்லை. உடைந்து கிடப்பது பலிபீடம். அதன் முன் முகங்குப்புற வீழ்ந்து வாழ்வைக் கையளிக்கத் தம்மை ஆயத்தம் செய்தோர் பலர் இன்றும் மேய்ப்புப்பணியில் உள்ளனர். படம் எடுக்க வருவோர்க்கு அது வெறும் நிழலும் ஒளியுமாகத் தோன்றலாம்.

அப்படியாயின் திருச்சபை தன் பணத்தைக் கொட்டியிருக்க வேண்டுமா? பெத்தானியாவில் நறுமணத் தைலம் குறித்து எழுந்த கேள்வி இங்கும் எழும். அக்கேள்வி எப்போதும் யூதாசின் கேள்வி அன்று. ஏழைப் பங்கு மக்களின் காணிக்கையை, அடியில் ஒருவரும் வாழாத கூரைக்குச் செலவிட எந்தப் பேராயருக்கும் மனம் வாராது. பிழை செலவிடாததில் இல்லை. மறுவாழ்வு இல்லம் வெளியேறிய அந்நாளில், கூரை இன்னும் தலைமேல் இருந்தபோதே, அடுத்துக் குடிபுகுவோரைக் கண்டறியாததில்தான் உள்ளது. இங்கிலாந்தின் அஷா குருமடம் 1808 முதல் இயங்கி 2011இல் மூடப்பட்டது. டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் துணையோடு அதன் நூலகமும் ஆலயமும் கல்விக்கும் பார்வையாளருக்கும் திறந்தன. அது கல்லால் எழுந்த பழங்கட்டடம், கார்ட்ராசைப் போல் ஒழுகியதில்லை என்று வாதிடலாம். எனினும் அங்கே எவரேனும் விளக்கேற்றிக்கொண்டே இருந்தனர்.

கார்ட்ராசுக்கு இதுவரை வரையப்பட்ட திட்டங்களுள் 2018இல் நின்றுபோனதையே நாம் ஏற்புடையதாகக் கருதுகிறோம்: சிற்றாலயத்துக்கு மட்டும் கூரை வேய்ந்து மக்கள் கூடும் இடமாக்குவது, ஏனையவற்றை மேலும் சரியாதபடி நிறுத்துவது. முழுமையையும் மீட்க முயன்றால் எந்த அறக்கட்டளையும் முறிந்துபோகும். ஒரு கூரைக்குப் பணம் கேட்டால் தருவோர் இருப்பர். அக்கூரையின் கீழ் இனித் திருப்பலி நடவாது போகலாம்; பலிபீடக் கற்களையேனும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கட்டும்.