பிறத்தியார் சாலை

பழைய பிளாஸ்டிக் கார் கிட் சேர்ப்பவரைச் சங்கடப்படுத்த ஒரே கேள்வி போதும்: "இதையெல்லாம் எப்ப ஒட்டப் போறீங்க?" நானும் சங்கடப்படுகிற ஆள்தான். எங்கள் வீவக வீட்டின் பாம் ஷெல்டரில், அரிசி மூட்டைக்கும் பழுதான மின்விசிறிக்கும் மேலே 26 பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. போர் வந்தால் குடும்பம் ஒளிய வேண்டிய அறையில் இப்போதைக்கு டெட்ராய்ட் ஒளிந்திருக்கிறது.

டெட்ராய்ட் என்று சும்மா சொல்லவில்லை. இந்தப் பொழுதுபோக்கின் வேர்களில் ஒன்று அங்கேதான். ஏஎம்டி நிறுவனம் 1948-இல் தொடங்கியது. கார் விற்கும் கடைகளுக்காகப் புது மாடல்களின் சின்ன உருவங்களைச் செய்து கொடுத்தது. கார் பார்க்க வந்தவர் அப்பா. கையில் பொம்மையோடு திரும்பியது பிள்ளை. 1958-இல் அதே உருவத்தைப் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு, மூன்று விதமாக ஒட்டலாம் என்று விற்றார்கள்: ஆலையில் வந்தபடி, அலங்காரம் கூட்டி, பந்தயத்துக்கு ஏற்றபடி. அமெரிக்கக் கார் அந்நாளில் ஆண்டுதோறும் முகம் மாற்றும். கிட் செய்பவர்களும் எஃகு அச்சைப் பின்னாலேயே வெட்டித் திருத்துவார்கள். இந்த ஆண்டு அச்சைத் திருத்தினால்தான் அடுத்த ஆண்டுக் கார் பிறக்கும். அதற்கப்புறம் பழையதை வார்க்க வழியில்லை. சில பெட்டிகளுக்கு இன்று இருக்கும் மவுசு அந்தத் திருத்தத்தால் வந்தது. வேலைப்பாட்டால் வந்தது என்று நினைப்பவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை.

நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது. நிஜக் காரையே கிட்டாக வாங்கிப் பூட்டிய ஊர் சிங்கப்பூர். 1926-இல் மலாயா ஃபோர்டு நிறுவனம் இங்கே தொடங்கி, முதலில் என்கோர் ஸ்திரீட்டில் ஒரு கராஜில் இயங்கியது. 1930-இல் பிரின்செப் ஸ்திரீட்டுக்கு இடம் மாறியது. தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரம்தான். கப்பலில் வந்த பாகங்களைப் பிரித்து எடுத்துப் பூட்டி, மலாயாவுக்கும் அக்கம்பக்கத்து நாடுகளுக்கும் வண்டிகளை அனுப்பினார்கள். 1941 அக்டோபரில் புக்கிட் தீமாவில் பெரிய ஆலை எழும்பியது. நான்கே மாதத்தில், 1942 பிப்ரவரி 15 அன்று, பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்டது அந்த ஆலைக்குள்தான். போருக்குப் பின்னும் ஓடிய ஆலையை 1980-இல் மூடினார்கள். இன்று அது நினைவுக்கூடம். பிரிட்டிஷார் சரணடைந்த அறையைப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கே கார் பூட்டினார்கள் என்பது வழிகாட்டியின் ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது.

அந்தப் பூட்டும் வேலையைக் கைக்கு அடக்கமாகத் திருப்பித் தருவதுதான் ஒரு நல்ல கிட்டின் பெரிய பலம். எனக்கு ஓட்டுநர் உரிமம் உண்டு, வாகனம் கிடையாது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) 1,50,000 வெள்ளியைத் தாண்டியது. காரின் விலை அதற்கு மேல் தனி. 1990 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சான்றிதழின் ஆயுள் பத்தாண்டு. அதன்பின் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியைச் சாலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆகவே இந்த ஊரில் பழைய வண்டி கண்ணில் படுவதே அபூர்வம். என் தலைமுறையில் பெரும்பாலோர் ஒரு காரின் அடிப்பகுதியைப் பார்த்ததில்லை. லீஃப் ஸ்பிரிங் எங்கே உட்காரும், என்ஜின் சுழற்சி பின்சக்கரத்துக்கு எந்தத் தண்டு வழியே போகும் என்பதை நான் கற்றது 24-இல் ஒரு பங்கு அளவுள்ள சட்டத்தை ஒட்டித்தான்.

ஜப்பானின் தமியா நிறுவனம் இதில் காட்டிய சிரத்தை வேறு ரகம். 12-இல் ஒரு பங்கு அளவில் போர்ஷே 934-ஐச் செய்வதற்காக அந்நிறுவனத்தின் ஷுன்சாகு தமியா ஒரு நிஜ போர்ஷேயை விலைக்கு வாங்கிக் கழற்றிப்போட்டு அளவெடுத்தார். தொடக்கத்தில் அந்நிறுவனம் ஷிசுவோகாவில் மர அறுவை ஆலையாக இருந்தது. மரத்துக்குப் பழகிய கண்தான் பிளாஸ்டிக்கையும் பார்த்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் பழைய பெட்டி என்றதும் உருகுகிறவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். பிளாஸ்டிக் அழியாது என்பது கதை. இரண்டு வருடத்துக்கு முன் அமெரிக்க நெடுஞ்சாலை டிரக் கிட் ஒன்றைப் பிரித்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். உள்ளே டயர்கள் கேபின் கூரையோடு ஒட்டியிருந்தன. அக்கால டயர் மென்மையான வினைல். அதை வளையச் செய்வதற்காகச் சேர்த்த திரவம் வருடக்கணக்கில் கசிந்து, தொட்ட இடத்தில் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். டயரைப் பிய்த்தால் கூரையில் அச்சு அசலாக டயர்த் தடம். ஒரு அடிகூட ஓடாத லாரி தன் தலைமேல் தானே ஏறியிருந்தது! புட்டி பூசி, 400, 800, 1000 எண் தாள்களைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. குரோம் பாகங்களில் பசை பிடிக்காது. ஒட்டும் இடங்களில் சுரண்ட வேண்டும். டெக்கால் தாள் மஞ்சளடித்துக் கிடந்தது. செய்முறைத் தாளை ராமபாணப் பூச்சி ருசி பார்த்திருந்தது. முப்பதாம் படி என்ன சொன்னது என்பது அதற்குத்தான் தெரியும்.

நம் வானிலையும் இதற்கு எதிரி. லாக்கர் வண்ணத்தில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரச் செய்யும். காற்றின் ஈரம் அதில் படியும். கறுப்பு வண்டி பால் தெளித்தாற்போல் வெளுத்துவிடும். மெதுவாகக் காய வைக்கும் தின்னர் கலக்கலாம், குளிர்சாதன அறையில் அடிக்கலாம். அறையில் அடித்தால் வாடையில் வீட்டார் படுக்க முடியாது, தாழ்வாரத்தில் அடித்தால் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் துவைத்த துணி. இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

இதெல்லாம் ஒட்டுகிறவர்களின் பாடு. திறக்காமலே வைத்திருப்பவர்களோடுதான் எனக்கு வழக்கு. மேலுறை கிழியாத பெட்டிக்குத் தனி விலை. உள்ளே டயர் கரைந்திருந்தாலும் விலை குறையாது, ஏனென்றால் யாரும் பார்க்கப் போவதில்லை. தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட கிட் ஒன்றை மறுபடி வெளியிடுகிறார்கள் என்ற சேதி வந்தால் ஒட்டுகிறவன் மகிழ்வான், சேமிக்கிறவன் முகம் சுண்டும். ஒரே பொருளை விரும்புகிற இருவரில் ஒருவருக்கு நற்செய்தி இன்னொருவருக்கு இழவுச்செய்தி என்றால், இருவரும் ஒரே பொருளைத்தான் விரும்புகிறார்களா? சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10 அன்று கடைசியாகக் கூடும்வரை, பெட்டி நசுங்கி ஒரு சக்கரம் குறைந்த கிட்டுகளை அங்கே தரையில் விரித்த துணியிலிருந்து எடுத்திருக்கிறேன். அவைதான் என் கையில் ஒழுங்காக வண்டியாயின. கெட்டுப்போகும் என்ற பயம் இல்லாததால்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏஎம்டி பெயரை இன்று வைத்திருக்கும் ரவுண்ட் 2 நிறுவனம், அச்சு அழிந்த சில கிட்டுகளைப் பழைய பிரதியிலிருந்து அளவெடுத்துப் புதிதாக வெட்டி விற்கிறது. அந்தப் பிரதியை யாரோ ஒருவர் ஒட்டாமல் வைத்திருக்க வேண்டும். பூட்டி வைத்தவரின் கருமித்தனம் ஐம்பது ஆண்டு கழித்து எனக்குப் பயன்படுகிறது. ஒப்புக்கொள்கிறேன், முழு மனசோடு அல்ல.

என் மனக்குறை வேறு. போன வருடம் சமையலறைக் குழாய் மாற்ற ஒரு தம்பி வந்தார், மன்னார்குடிப் பக்கம். கைகழுவிவிட்டு அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது லாரிதானேண்ணே? ஆளு எங்க உட்காருவாங்க?"

"இது அமெரிக்க வண்டி தம்பி. டிரைவர் மட்டும்தான். கேபினுக்குப் பின்னாடி பாருங்க, அவரு தூங்குறதுக்கு ரூமே இருக்கு."

"டிரைவருக்கு மெத்தையா!" என்று சிரித்தார். கீழே அவருடைய லாரி காத்திருந்தது. பின்தட்டில், கூரைக்குக் கீழே, பக்கத் தடுப்பில் முதுகைச் சாய்த்து ஏற்கெனவே ஐந்தாறு பேர்.

சிங்கப்பூர்த் தமிழனுக்கு லாரி என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டிய படம் அது. ஞாயிறு மாலை ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் நடக்கிற எவருக்கும் தெரியும். என் 26 பெட்டிகளில் அது இல்லை. கலிஃபோர்னியாவின் பாலைவனச் சாலை இருக்கிறது, ஆல்ப்ஸ் மலையேறும் இத்தாலிய டிரக் இருக்கிறது. நான் போகாத சாலைகளின் புழுதியை ஏர்பிரஷ்ஷால் அச்சு அசலாக அடிக்கிறேன். போல்ட் தலை ஆறு பட்டையா எட்டுப் பட்டையா என்று மணிக்கணக்கில் வாதிடுகிறவர்கள் நாங்கள். தேக்கா வாசலில் நிற்கும் லாரித் தடுப்பில் எத்தனை கம்பி என்றால் ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கலை கண்ணைக் கூர்மையாக்கும் என்பது உண்மை. கூர்மையான கண்ணைப் பிறத்தியார் சாலையிலேயே நட்டு வைத்திருக்கிறோம் என்பதும் உண்மை.

கிட் கிடைத்தால்தானே ஒட்டுவது என்று கேட்கலாம். ஜப்பானியர் காத்திருக்கவில்லை. விளக்கும் ஓவியமுமாக ஜோடித்த தங்கள் ஊர் லாரிகளை, 1975-இல் வந்த ‘டொராக்கு யாரோ’ திரைப்படம் பிரபலமாக்க, ஆவோஷிமா நிறுவனம் அவற்றைக் கிட்டாகவே வார்த்தது. உள்ளூர் டிரைவரின் ரசனைக்கு அங்கே எஃகு அச்சு வெட்டினார்கள். நமக்கு அச்சு வேண்டாம். ஒரு ஜப்பானியச் சிறு லாரியின் கேபினும், பிளாஸ்டிக் தகடும், கத்தியும் போதும். பழைய கிட்டோடு மல்லுக்கட்டியவனுக்கு இல்லாத பாகத்தைச் செய்துகொள்வது கைவந்த வேலை.

சென்ற மாதம் தொடங்கினேன். நின்றிருந்த லாரி ஒன்றின் தடுப்பை, டிரைவரிடம் கேட்டுவிட்டு டேப் வைத்து அளந்தேன். தட்டிலிருந்து 96 சென்டிமீட்டர். 24-ஆல் வகுத்தால் சரியாக 4. கம்பிகளை வெட்டி ஒட்டியாகிவிட்டது. ஆட்கள்தான் சிக்கல். கடையில் கிடைக்கும் உருவங்கள் பந்தய ஓட்டுநர், மெக்கானிக், குடை பிடித்த பெண். பையை மடியில் வைத்து முழங்காலை மடக்கி உட்கார்ந்தவர் யாரும் இல்லை. புட்டியில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். எத்தனை பேர் செய்வது என்று அந்தத் தம்பிக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன்.

"எங்க வண்டில பன்னெண்டு பேருண்ணே. மழைன்னா ஓரத்துல நனையும், எல்லாரும் நடுவுல ஒட்டிக்குவோம்."

பன்னிரண்டு பேரையும் நடுவிலேயே உட்கார வைத்துப் பார்த்தேன். இடம் போதுகிறது, தோளோடு தோள் இடித்தால்.