பாடசாலை வயலின் வகுப்பில் தாளமும் சுரக்குறிப்பும்: ஒரு விமரிசன நோக்கு

இசை கற்பித்தல் பற்றிய விவாதங்களில் குறியீட்டுமுறை பெரும்பாலும் வெறும் உத்திப் பிரச்சினையாகவே நோக்கப்படுகின்றது. ஆயின், இசையறிவு யாரிடத்து இருந்தது, யாருக்குக் கிடைக்கலாயிற்று என்னும் வினாக்களிலிருந்து குறியீட்டைப் பிரித்தல் இயலாது. பாடசாலைகளில் வயலின் பயிலத் தொடங்கும் மாணாக்கருக்குத் தாளமும் சுரக்குறிப்பும் புகட்டப்படும் முறையினையும் இந்நோக்கிலேயே ஆராய்தல் வேண்டும்.

குருகுல மரபில் இசை செவிவழியே கையளிக்கப்பட்டது. குருவின் அருகில் நெடுங்காலம் இருந்து கேட்கும் வாய்ப்பே அக்கல்வியின் அடிப்படை. பிறப்பாலோ வசதியாலோ அவ்வாய்ப்பினைப் பெறாதோர் புறத்தே நின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை நெகிழத் தொடங்கிற்று. சின்னசாமி முதலியார் 1890களில் கர்நாடக இசை உருப்படிகளை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சிட்டார். சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல், சுர எழுத்துகளுடன் கமகக் குறிகளையும் கொண்டு வெளிவந்தது. செவியறிவைப் பொதுவுடைமையாக்கிய முயற்சிகள் இவை. எனவே, குறியீடு மரபுக்குப் பகை என்பாரின் வாதம் ஒருபக்கச் சார்பானதே.

எனினும், வகுப்பறையிற் குறியீடு வேறொரு பணியையும் ஆற்றக் காண்கிறோம். சரளி வரிசை கரும்பலகையில் எழுதப்படுகின்றது. மாணாக்கர் அதனைக் கொப்பியிற் பெயர்த்தெழுதுகின்றனர். பின்னர் விரல்கள் தந்தியிற் சுரத்தைத் தேடுகின்றன. நினைவுக்குத் துணையாகத் தோன்றிய குறியீடு, இங்கு அனுபவத்திற்குப் பதிலியாகி விடுகின்றது. ஒற்றைக்கோடு அங்கத்தின் முடிவையும் இரட்டைக்கோடு ஆவர்த்தனத்தின் முடிவையும் குறிக்கும் எனப் பரீட்சையில் எழுதத் தெரிந்த பிள்ளை, அவ்விடத்திற் காலம் எவ்வாறு வந்து பொருந்துகின்றது என்பதை உணராதிருத்தல் கூடும்.

வயலினைப் பொறுத்தவரை இக்குறை மேலும் பெரிதாகின்றது. வாய்ப்பாட்டுப் பயிலும் பிள்ளை ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும் தட்டியும் விரலெண்ணியும் வீசியும் தன் கையாலேயே அளந்துகொள்கின்றது. வயலின் பயிலும் பிள்ளைக்கோ இரு கைகளும் கருவிக்கு உரியனவாகி விடுகின்றன. தாளமிட வேண்டிய கை வில்லைப் பிடித்திருக்கின்றது. வாய்ப்பாட்டுக்கு அமைந்த பாட ஒழுங்கினை மாற்றமின்றிக் கருவிக்குப் பெயர்க்கும் பாடவிதானம் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

இதற்கான விடை வில்லிலேயே உள்ளது. ஒரு முழு வில் இழுப்பை ஓர் அட்சரமாகக் கொண்டால், முதற் காலத்தில் அதனுள் ஒரு சுரமும், இரண்டாங் காலத்தில் இரண்டும், மூன்றாங் காலத்தில் நான்கும் அடங்கும். சுரங்கள் பெருகினும் வில்லின் நடை மாறுவதில்லை. தாளம் நிலையாக நிற்க, சுரங்களே விரைகின்றன என்னும் உண்மையைப் பிள்ளையின் வலக்கை அறிந்துகொள்கின்றது. எட்டு அட்சர ஆவர்த்தனம் எப்பொழுதும் ஒரே திசை வில்லிலே தொடங்கும். ஏழு அட்சரத் திரிபுடையில் அடுத்த ஆவர்த்தனம் எதிர்த்திசையிலே தொடங்கும். ஒற்றை இரட்டை வேறுபாடு இவ்வாறு உடலனுபவமாகின்றது. வில்லெடுக்குமுன் அதே வரிசையைக் கையிற் தாளமிட்டுப் பாடுவித்தலும் இன்றியமையாதது.

குறியீடு இதன் பின்னரே வரவேண்டும். அப்போதும் அது அந்நியமான ஒன்றன்று. ‘ஸ’ ஓர் அளவு, ‘ஸா’ ஈரளவு என்னும் விதி, குறில் ஒரு மாத்திரை, நெடில் இரு மாத்திரை எனத் தமிழ்ப் பாடத்தில் மாணாக்கர் முன்னரே கற்றதாகும். மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் தொல்காப்பியம் விளக்குவது, எழுத்திலக்கணமே உடலின் காலவுணர்விலிருந்து எழுந்தமையைக் காட்டுகின்றது. ஆயினும் தமிழாசிரியரும் இசையாசிரியரும் ஒரே அளவையை இருவேறு பாடங்களாகக் கற்பிக்கின்றனர். இந்தப் பிரிவினை மாணாக்கருக்குப் பெரும் இழப்பாகும்.

பிறநாட்டு அனுபவங்களும் இங்கு ஒப்புநோக்கற்பாலன. ஹங்கேரியின் சோல்தான் கோடாய் (1882–1967) வகுத்த நெறியிற் குரலும் தாளச் சொற்களும் குறியீட்டுக்கு முற்பட்டன. நம்மிடம் தகதிமி, தகிட என்னும் சொற்கட்டுகள் இருத்தலின் அவற்றை இரவல் பெறவேண்டியதில்லை. யப்பானின் ஷினிச்சி சுசுக்கி (1898–1998), தாய்மொழி பயிலுமாப்போலே வயலினையும் செவிவழி பயிற்றி, வாசிப்பைப் பிற்படுத்தினார். ஆயின், அம்முறை நாள்தோறும் பெற்றோர் உடனிருந்து பயிற்றுதலை வேண்டுவது. உழைப்பிலேயே பொழுது கழியும் இல்லங்களுக்கு அதனை அப்படியே பெயர்த்தல் பொருந்தாது.

பிரச்சினையின் சமூக அடிப்படை இங்கேதான் உள்ளது. தனியாசிரியரை அமர்த்தவல்ல குடும்பத்துப் பிள்ளை லயவுணர்வை இல்லத்திலேயே பெற்றுவிடுகின்றது. வகுப்பறைக் குறிப்பு அதற்கு நினைவூட்டல் மாத்திரமே. அத்தகைய வசதியற்ற பிள்ளைக்கு வகுப்பறையே முழுக் கல்வியும். அங்கு எழுத்து மாத்திரம் வழங்கப்பட்டுக் காலவுணர்வு வழங்கப்படாவிடின், பழைய குருகுலத்தின் வாயிற்கதவு புதியதோர் உருவில் மீண்டும் அடைக்கப்படுகின்றது. ஈராண்டின் பின் அப்பிள்ளை வயலினைக் கைவிடும்போது, ‘ஞானமில்லை’ என்னும் தீர்ப்பு எளிதிற் கூறப்படுகின்றது. ஞானக்குறைவெனக் கருதப்படுவது பல வேளைகளிற் கற்பித்தலின் குறைவே.

முதலிற் கையும் குரலும், அடுத்து வில், அதன் பின் எழுத்து என்னும் ஒழுங்கைப் பாடசாலை ஏற்குமாயின், குறியீடு தன் வரலாற்றுப் பணியை நிறைவேற்றும். ஆசிரியர் அருகில் இல்லாத வேளையிலும் பிள்ளை தானே எடுத்து வாசிக்கத்தக்க ஏடாக அது அமைதல் வேண்டும். எந்தக் குறியீட்டுமுறையையும் மதிப்பிடுதற்குரிய அளவுகோல் அதுவே.