கூலி கேட்காத கதைகள்

பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகள் 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றதிலிருந்து இங்கே ஒரு வாதம் உரக்கக் கேட்கிறது: வீடுதான் பெண்ணின் முதல் சிறை, ஆகவே வீட்டை எழுதினாலே பெண்ணியக் கதையின் கடமை முடிந்தது. 2021இல் சிறுகதையாளர் அம்பைக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவித்தபோதும் இதே பேச்சுதான். முன்பாதி சரி; பின்பாதியை நான் ஏற்கவில்லை.

அம்பையின் சாதனையை யாராலும் குறைத்துச் சொல்ல முடியாது. அடுப்படிக்குள் ஓடும் அதிகாரக் கணக்கை 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' அளவுக்குத் துலக்கிய கதை அரிது. பூப்பெய்திய கறுத்த மகளை ஒரே சொல்லில் நொறுக்கும் தாயை, 'அம்மா ஒரு கொலை செய்தாள்' படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். இதே வீட்டை எழுதிய ஆர். சூடாமணியும் குரலை உயர்த்தாமலே ஆழம் போனவர்.

பின்னால் வந்தவர்கள் கையில் இந்த வெற்றி வாய்பாடாகிவிட்டது. கணவன், மாமியார், படுக்கை, அடுப்பு, கடைசியில் ஒரு வெளியேறல். படித்த, வருமானக் கவலையில்லாத ஒருத்தியின் மனப்புழுக்கமே எல்லாப் பெண்களின் அனுபவமாக நிற்கிறது. வேலைக்காரி கதவருகே வருவாள். நாயகியின் மனசாட்சியை உறுத்திவிட்டுப் போய்விடுவாள். அவள் வாங்கும் சம்பளம் என்ன என்று கதை கேட்காது.

எங்கள் ஊர் பாலசமுத்திரத்தில் இருந்து பார்த்தால் இந்தக் குறை அப்பட்டமாகத் தெரியும். இங்கே தோட்டங்காடுகளில் ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறு. அந்தக் கூலியிலிருந்துதான் மகளிர் குழுக் கடனின் வாரத் தவணையும் போக வேண்டும். எங்கள் திண்டுக்கல் மாவட்டத்து நூற்பாலைகள் உட்படப் பல மில்களில் 'சுமங்கலித் திட்டம்' நடந்தது. கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று இளம்பெண்களின் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள். தாலியும் கூலியும் ஒரே முடிச்சில் விழுந்த இடம் அது. பெண்ணியச் சிறுகதைக்கு இதைவிடப் பொருத்தமான களம் எது?

2015இல் மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டார்கள். 20 சதவீத போனஸ் கேட்டுக் கம்பெனியை எதிர்த்தார்கள். தங்கள் பேரால் பேசிவந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களையும் எதிர்த்தார்கள். நாம் கொண்டாடும் கதைகளின் முதல் வரிசையில் அந்தக் கோபத்துக்கு இடமில்லை.

உழைக்கும் பெண்களை எழுத பாமா இருக்கிறாரே என்பார்கள். இருக்கிறார், ஆனால் அவரைத் 'தலித் இலக்கியம்' என்று தனியே ஒதுக்கிவிட்டுத்தான் பெண்ணியக் கதை பற்றிப் பேச உட்காருகிறார்கள். உப்பளத் தொழிலாளரைக் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதிய ராஜம் கிருஷ்ணனுக்குப் 'பிரச்சாரம்' என்ற முத்திரை. அழகியலின் பேரால் செய்த இந்த ஒதுக்கல்தான் நம் சிறுகதையை வீட்டுக்குள் பூட்டியது.

சிறுகதை சின்ன வடிவம், அகத்தைத்தான் தாங்கும் என்ற சமாதானமும் செல்லாது. ஒரு நாள் கூலி கைமாறும் நேரமே ஒரு கதைக்குப் போதும். கணவனை விட்டு வெளியேறுகிறவள் மறுநாள் எங்கே வேலைக்குப் போவாள், அங்கே அவளுக்கு என்ன கொடுப்பார்கள் என்று யோசிக்காத கதை எவ்வளவு நயமாக இருந்தாலும், அதைப் பாதிப் பெண்ணியம் என்றே சொல்வேன்.