பட்டியலும் ரியூப்பிளும்: பாடநூல் விளக்கம் பற்றி ஒரு நோக்கு

பைதன் மொழி 1991 இல் வெளிவந்தது. செய்நிரலாக்கத்தைப் புதிதாகக் கற்போர் பலருக்கு இன்று அதுவே முதல் மொழியாகும். அதன் அறிமுக நூல்கள் பல, பட்டியலையும் ரியூப்பிளையும் ஒரே வாக்கியத்தில் வேறுபடுத்தி நிறைவு கொள்கின்றன: முன்னது மாற்றத்தக்கது, சதுர அடைப்பு உடையது, பின்னது மாற்றவியலாதது, வளைந்த அடைப்பு உடையது.

இவ்விளக்கத்தில் அடைப்புப் பற்றிய கூற்று மேலோட்டமானது. அடைப்பினுள் தனித்து நிற்கும் 5 வெறும் எண்ணே; அதன்பின் காற்புள்ளி இட்டால்தான் அது ரியூப்பிளாகும். மாற்றம் பற்றிய கூற்றோ உண்மையாயினும் போதாது. மாற்றவியலாத ஒன்று எதற்கு என்ற மாணவரின் நியாயமான வினாவுக்கு அது விடை தருவதில்லை.

விடை பயன்பாட்டில் உள்ளது. வகுப்பொன்றின் புள்ளிகள் சேர்க்கப்படும், திருத்தப்படும், வரிசைப்படுத்தப்படும். அவற்றுக்குப் பட்டியலே ஏற்றது. ஓர் ஊரின் அகலாங்கும் நெட்டாங்கும் அத்தகையன அல்ல. அவை இடம் மாறினால் ஊரே மாறிவிடும். ஆதலின் ரியூப்பிளே தகும்.

பட்டியலொன்றுக்கு இரண்டாவது பெயரிடும் மாணவர், பிரதியொன்று எடுத்ததாகவே எண்ணுவர். ஒரு பெயரின் வழியே செய்த திருத்தம் மற்றதிலும் தோன்றும்போது திகைப்பர். ரியூப்பிளின் உறுப்புகளை அவ்வாறு மாற்றியமைக்க இயலாது. எனினும் அதனுள் பட்டியலொன்று உறுப்பாயின், அப்பட்டியல் மாற்றத்துக்கு உட்பட்டதே.

இவற்றை விடுத்து அடைப்புக்குறிகளை மட்டும் மனனஞ் செய்விக்கும் நூல், பரீட்சைக்கு உதவலாம்; தரவின் இயல்பறிந்து வடிவந் தெரியும் ஆற்றலை வளர்க்காது.