மெட்டும் கோபமும்

ஜூலை 14ஆம் தேதி புதுவைக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சு தேசிய கீதம் முழங்கும். பதக்கம் அணிந்த பெரியவர்கள் விறைப்பாக நிற்பார்கள். 1792ல் போர்ப் பாட்டாகப் பிறந்து, புரட்சிக்காரர்களின் வாயில் வளர்ந்த பாட்டு அது. இன்று அதைக் கேட்டு யாரும் நடுங்கப் போவதில்லை. தடையுத்தரவைத் தாங்கிய கலகப் பாட்டுக்கூட மரியாதையைத் தாங்குவதில்லை.

பாரதியாருக்கும் இதுதான் நேர்ந்தது. 1928ல் சென்னை சர்க்கார் அவருடைய பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. போன வருஷம் ஒரு பள்ளிக்கூட விழாவில் அவர் பாட்டு ஒன்றைக் குழந்தைகள் பாடக் கேட்டேன். சாமி தோத்திரம் மாதிரி இருந்தது. கற்பூரம் ஏற்றாத குறைதான்.

மெட்டைத் தொலைத்துவிட்டோம் என்பது என் கட்சி. ‘சுதந்திரப் பெருமை’, ‘பாரத தேவியின் அடிமை’ என்ற பாட்டுக்களின் தலைப்புக்குக் கீழே பாருங்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரக் கீர்த்தனையிலிருந்து வர்ணமெட்டு குறித்திருக்கும். அந்தக் கீர்த்தனையை அச்சேற்ற உதவியவர், நம் காரைக்காலில் உத்தியோகம் பார்த்த சிஸ்ஸே என்ற பிரெஞ்சுக்காரர். சிதம்பரம் போக உத்தரவு கேட்டு ஆண்டை முன் நிற்கும் பண்ணையாள் நந்தனை அன்றைய ஜனங்கள் நன்றாக அறிவார்கள். மெட்டு காதில் விழுந்ததும் ஆண்டையும் அடிமையும் மனத்தில் வந்து நின்றுவிடுவார்கள். ஆண்டையின் இடத்தில் வெள்ளைக்காரனை உட்கார்த்தி வைப்பதுதான் பாக்கி. அதைக் கவி செய்தார்.

ஆனால் ஒரு கணக்கு தீரவில்லை. நந்தனின் ஆண்டை இங்கிலீஷ்காரன் அல்ல. நம் ஊர் வேதியர். மெட்டோடு அவன் முறையீட்டையும் தேசம் கடன் வாங்கிக்கொண்டது. வெள்ளைக்காரன் போன பிறகும் கடன் அடைபடவில்லை. பாரதியார் இதை உணராதவர் அல்லர். ‘சுதந்திரப் பள்ளு’வைப் பள்ளர் களியாட்டமாகவே பாடினார், அவருடைய கலகப் பாட்டுக்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அவருக்குத் தாசன் என்று பேர் வைத்துக்கொண்ட நம்மூர் வாத்தியார் கனகசுப்புரத்தினம், சாதி என்று பேர் சொல்லியே அந்தக் கணக்கைக் கேட்டார்.

2018ல் சென்னையில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற கோஷ்டி கானாப் பாட்டோடு மேடை ஏறியது. கானா, வடசென்னைச் சாவு வீடுகளில் வளர்ந்த பாட்டு. ‘இதெல்லாம் சங்கீதமா?’ என்று கேட்கும் ரஸிகர்கள் உண்டு. இருக்கட்டும். கேட்பவருக்கு மெட்டு தெரியும். அது எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதும் தெரியும். அந்தக் கோஷ்டியில் அறிவு போன்றவர்கள் பாடும்போது ஆண்டைக்கு முகமூடி கிடையாது. நந்தனே வந்து கொடுத்த கடனைக் கேட்பது போல இருக்கிறது.

வாத்தியார்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த விழாவுக்கு அந்தப் பாட்டைப் பழைய மெட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். நந்தன் கதையையும் சொல்லுங்கள். “அந்த ஆண்டை யார், சார்?” என்று ஒரு பையனாவது கேட்பான். பதிலை யோசித்து வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவது நல்லது.