ஆறு வாட் வடிவு

மின்மானியைச் சுவர்ப் பிளக்கில் செருகி, அதில் சின்னக் கணினியை மாட்டி, எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் உண்டு. லினக்ஸ் எழும்பும்போது 15 வாட். எல்லாம் அடங்கிய பிறகு 9. டெஸ்க்டொப்பே வேண்டாம் என்று டெபியனை மட்டும் நிறுவி, பாவிக்காத போர்ட்டுகளைப் பயோஸில் மூடி, பவர்ட்டொப் சொல்லும் சிக்கனங்களையும் செய்துவிட்டால் 6. அந்த மூன்று வாட்டால் வருடம் முழுக்க மிஞ்சுவது ஏறக்குறைய 3 டொலர். காசுக்காக யாரும் இதைச் செய்வதில்லை. தம்புராவுக்குச் சுருதி கூட்டுகிறவர் எதற்காகக் காதைச் சாய்த்துக்கொண்டிருக்கிறாரோ, அதற்காகத்தான்.

வீட்டுச் சேர்வர் கட்டுவதில் இரண்டு கட்சி. பேஸ்மென்ட்டில் ராக் அடித்து, நீல வெளிச்சம் மின்ன, காற்றாடிகள் இரைய, டேட்டா சென்ரரே நடத்துகிறவர்கள் ஒரு பக்கம். இருக்கிறதா இல்லையா என்று வீட்டுக்காரருக்கே தெரியாதபடி ஒரு பெட்டியை வைக்கிறவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சி. எவ்வளவு கூட்டலாம் என்பதில் இல்லை, எவ்வளவு குறைத்தாலும் வேலை நடக்கும் என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் இந்தக் கலையின் வடிவு இருக்கிறது.

ரொறன்ரோவில் இதற்கு மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. வங்கித் தலைமையகங்களும் ஆஸ்பத்திரிகளும் காப்புறுதிக் கொம்பனிகளும் நிறைந்த நகரம். சில வருடங்களுக்கு ஒருமுறை கணினிகளைக் கும்பலாகக் கழிக்கிறார்கள். அவை பழசு விற்கும் கடைகளுக்கும் கிஜிஜிக்கும் வந்துசேரும். அதிலே ரசிகன் தேடுவது 'தின் கிளையன்ட்' என்ற மெலிந்த சாதியை. டெல்லின் வைஸ் 5070 அப்படி ஒன்று. 2018இல் வந்தது. திறந்து பார்த்தால் காற்றாடியே கிடையாது; சில்லின் மேல் ஒரு வெப்பத்தட்டு, அவ்வளவுதான். சில்லுக்கு விதித்த வெப்ப வரம்பு 10 வாட். நினைவகத்துக்கு இரண்டு ஸ்லொட், எஸ்எஸ்டிக்கு ஓர் இடம். அலுவலகத்தில் இதன் பிழைப்பு, எங்கோ இருக்கும் பெரிய சேர்வரின் திரையை இங்கே காட்டுவது மட்டும். எடுபிடியாக இருந்ததைக் கூட்டிவந்து அதையே சேர்வராக்குவதில் ஒரு குறும்பும் சேர்ந்திருக்கிறது.

இந்தக் குறும்புக்குப் பரம்பரை உண்டு. 2004இல் லிங்சிஸ் விற்ற என்எஸ்எல்யூ2, யூஎஸ்பி டிஸ்க்கை வீட்டு வலையமைப்பில் சேர்ப்பதற்கென்றே வந்த கையடக்கப் பெட்டி. நினைவகம் 32 எம்பி. 266 மெகாஹெர்ட்சில் ஓடக்கூடிய சில்லை, ஆரம்பப் பெட்டிகளில் 133இல் அடக்கி வைத்திருந்தார்கள். பலகையில் ஒரே ஒரு ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டால் முழு வேகம் வந்துவிடும். கை நடுங்காமல் அதை நெம்பி எடுத்து, உள்ளே முழு லினக்ஸை ஏற்றினவர்கள்தான் எங்கள் மூத்தோர். 2012 பெப்ரவரி 29 அன்று 35 அமெரிக்க டொலர் விலையில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி விற்பனைக்கு வந்தபோது அந்த வித்தை பரவலானது. ரொறன்ரோவிலேயே 2016இல் ரொறன்ரோ மெஷ் என்ற தன்னார்வக் குழு அதே பையில் யூஎஸ்பி வைஃபையைச் செருகி, நடுவில் இன்ரர்நெற் கொம்பனி இல்லாமல் பெட்டிக்குப் பெட்டி பேசும் வலையைக் கட்டிப் பார்த்தது. பை எனக்குப் பிடிக்கும். ஆனால் சேர்வருக்கு அதன் எஸ்டி கார்டை நம்ப மாட்டேன். லொக் கோப்புகளை ஓயாமல் எழுதி எழுதியே அது தேய்ந்து போகும்.

நல்ல சேர்வரின் இலட்சணம் ஒன்று பயோஸில் ஒளிந்திருக்கிறது: கரண்ட் போய் வந்தால் யாரும் பட்டனை அமத்தாமல் தானே எழும்ப வேண்டும் என்ற அந்த ஒற்றை வரி. 2013 டிசம்பர் பனிப்புயலில் நகரின் மூன்று லட்சம் மின் வாடிக்கையாளர்கள் இருளில் கிடந்தார்கள். அப்படியான ஊரில் அந்த வரியை மாற்றாமல் பெட்டியை அலமாரிக்குப் பின்னால் தள்ளுகிறவருக்கு ரசனை இருக்கலாம், நிதானம் இல்லை.

எங்கள் சனத்தின் வீடுகளில் இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று ஊகிப்பது சுலபம். தொண்ணூறுகளின் கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு விஎச்எஸ் கசெட்டுகள், கோப்பாக மாற்றி, வீட்டுப் படங்களைப் பார்க்க உதவும் ஜெலிஃபினில் அடுக்கியபடி. நூலகம் தளத்திலிருந்து இறக்கின பழைய சஞ்சிகைகள். இன்ரர்நெற் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும்.

இவையெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருப்பதன் அருமை வெளி வலை விழுகிற நாளில் தெரியும். 2022 ஜூலை 8ஆம் திகதி ரோஜர்ஸ் கொம்பனியின் வலையமைப்பில் ஒரு பராமரிப்பு மாற்றம் பிழைத்துப்போய், 12 மில்லியனுக்கு மேற்பட்டோருக்கு இன்ரர்நெற்றும் கைத்தொலைபேசியும் ஒன்றாய் விழுந்தன. இரண்டுக்கும் நடுமையம் ஒன்றே. கடைகளில் டெபிட் அட்டையும் வேலை செய்யவில்லை. அன்றைக்கும் வீட்டு ரவுட்டர் தன்பாட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்; வெளிவாசல் மட்டும்தான் பூட்டு. வீட்டு இயந்திரங்களின் பெயர்ப்பட்டியலையும் (டிஎன்எஸ்) பெட்டியிடமே ஒப்படைத்திருந்தவர்களுக்குப் படமும் பாட்டும் படிப்பும் வழக்கம்போல நடந்திருக்கும். இந்தப் பெயர்ப்பட்டியல் வேலையைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தும், பெயரை வெளியில் கேட்டுவிட்டு முழிக்கும் சேர்வர் பாதிச் சேர்வர்.

பெட்டியில் இருப்பதற்கு ஒரு பிரதி வீட்டுக்கு வெளியேயும் இருக்க வேண்டும். என்னுடையது ஏஜக்ஸில் தங்கச்சி வீட்டில். ஆர்சிங்க் என்ற நிரல் இரவில் எழும்பி, மாறின பகுதிகளை மட்டும் அனுப்பும். எங்கள் கட்டணத் திட்டத்தில் மின்சாரம் ஆக மலிவான இரவு 11 மணிக்குப் பிறகு பார்த்து வைத்திருக்கிறேன். ஆறு வாட்டுக்கு அதில் மிச்சம் சதக் கணக்குக்கூட வராது, ஒரு பெருமைக்குத்தான். அங்கே உண்மையான ஆபத்து, வக்யூம் கிளீனரைச் செருக ஆராவது அந்தப் பிளக்கைப் பிடுங்குவது. செர்னில் உலகின் முதல் வெப் சேர்வரின் மேல் டிம் பேர்னர்ஸ்-லீ, இது சேர்வர், அணைக்க வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். தங்கச்சி வீட்டில் நான் அதைத் தமிழில் ஒட்டியிருக்கிறேன். மச்சானுக்காக இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில்.